கத்தியில் பட்ட கல்

ஒரே ஒரு ஊர்லயாம், ஒரே ஒரு கத்தியாம். அந்தக் கத்திக்கு ஒரே ஒரு காவக்காரனாம். அந்தக் காவக்காரனை ஊரே கூடி நின்னு கொறை சொல்லுச்சாம்... வேற யாரு, நான்தான். கொஞ்சம் அந்தப் பையை மடியில வச்சுக்கறீங்களாம்மா, உக்காந்துக்கறேன். இந்தத் தாழ்வாரத்துக்கே இருக்கறது ஒரு பெஞ்சு. அதுலயும் ஒரு கால் ஆடும். உங்க பக்கம்தான் ஆடற கால், பாத்து. அந்தப் பெரியவர் ஏன் எந்திரிச்சுப் போறாரு? போகட்டும். நான் வந்து உக்காந்தா பெஞ்சு காலியாகறது இங்க வழக்கம்தான்.

இல்ல, நியாயத்தைக் கேக்கறேன். துண்டுல சுண்ணாம்பு தெரியலைன்னா சாயம் போட்டவளைக் கேக்கணும். இல்ல, மைக்ராஸ்கோப் குழாய்க்குள்ள கண்ணை விட்டுக் குனிஞ்சு பாக்கற டாக்டர் அம்மாவைக் கேக்கணும். வெட்டிக் கொடுத்தவனை எதுக்குக் கேக்கறது? தையக்காரன் துணியை வெட்டித் தரான். சாயம் போச்சுன்னா தையக்காரன் சட்டையையா புடிப்பாங்க?

அட, யாரு என்னன்னு சொல்லாமயே ஆரம்பிச்சுட்டேன் பாருங்க. நான் இந்த லேபுல வெட்டறவன். பயப்படாதீங்க, ஆளை இல்ல. உடம்புலேருந்து எடுத்து அனுப்பற சதைத் துண்டு இருக்குல்ல, அதை மெழுகுல புதைச்சுக் கட்டையாக்கித் தருவாங்க. தீப்பெட்டியைவிடச் சின்னது. அதை மெஷின்ல மாட்டி ஏடு ஏடா சீவுவேன். பால்ல ஏடு பாத்திருப்பீங்க. அந்த ஏட்டை இன்னும் பலதாப் பிரிச்சா எப்படி இருக்கும், அவ்வளவு மெல்லிசு. ஊதினா பறந்துடும். தும்மினா டாக்டர் அம்மா மூஞ்சியில போய் ஒட்டிக்கும், ஒட்டியிருக்கு. அதை வெந்நியில மிதக்க விட்டு, கண்ணாடிச் சில்லுல ஏந்தி எடுத்துக் குடுத்தா என் வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல சாயம். சாயத்துக்கு வேற ஆளு.

அந்த வேற ஆளு யாருங்கறீங்க, என் சொந்த அக்கா மக. நானேதான் கொண்டாந்து சேத்துவிட்டேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டான்னு சொல்வாங்களே, அதுதான். வீட்டுல மாமா மாமான்னு இருந்த பொண்ணு, இங்க வந்த மறுநாளே 'சார்'ங்கறா. சார். இவளை நான் தோள்ல தூக்கிட்டுப் போய் மொட்டையடிச்சவன். வேலை நேரத்துல சார், சாப்பாட்டு டப்பாவுல ஊறுகாய் தீந்துபோச்சுன்னா மட்டும் மெதுவா வந்து மாமா.

விரல் பத்தும் கறுப்பா இருக்கும் அவளுக்கு. சாயத்துக்கு வெள்ளி கரைச்ச ஒரு சில்வர் தண்ணி இருக்கு பாருங்க, கையில பட்டப்போ ஒண்ணும் தெரியாது. வெளிச்சத்துல நின்னா அப்படியே கறுத்துப் போகும். சோப்பு போட்டாலும் போகாது. பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி கையைப் பின்னால கட்டிட்டு நின்னாளாம், மாப்பிள்ளையோட அம்மா, 'பொண்ணு ரொம்ப விறைப்பா இருக்கு, ராணுவமா'ன்னு கேட்டிருக்காங்க. நான் அவளுக்கு கரிக்கைன்னு பேர் வச்சேன். லேப் முழுக்க ஒட்டிக்கிச்சு. அந்தக் கோவம் இன்னும் ஆறலை. அதைத்தான் இன்னிக்குத் தீத்துக்கிட்டா.

நீங்க எந்த ரூமுக்கு? ... ஊசி ரூமா. ... மறுபடியுமா? முதத் தடவை எடுத்தது சரியா வரலைன்னுட்டாங்களா? பாத்தீங்களா. இந்தக் கட்டடத்துல எதுவும் ஒரே தடவையில முடியாதுங்க. லிஃப்ட் பட்டனைக்கூட மூணு தடவை அமுக்கணும். கையை ஏன் உடம்போட ஒட்டியே வச்சிருக்கீங்க... ஓ, ஊசி போட்ட பக்கமா. இன்னும் வலிக்குதா? வலிக்காம என்ன செய்யும், அதென்ன சாதா ஊசியா, பேனா ரீஃபில் கணக்கா... சரி விடுங்க, நான் வேற. நல்லா மெதுவாத்தான் போடுவாங்க. இந்த டீயைக் குடிங்க, நான் இன்னும் வாய் வைக்கலை. குடிக்கக்கூடாதா? தெரியாதா? யாரும் சொல்லலையா? யாருக்கும் யாரும் எதுவும் சொல்றதில்லை இங்க. அதானே பிரச்சினை. கையிலயாவது வச்சுக்கங்க, சூடா இருக்கும்.

விஷயத்துக்கு வரேன். ஒரு அம்மாவோட துண்டு வந்துச்சு. மார்ல எடுத்த துண்டு. எக்ஸ்ரே படத்துல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளியாம். சுண்ணாம்பு. கால்சியம்னு எழுதுவாங்க. உங்க வீட்டுத் தண்ணி ஹீட்டர் கம்பியில வெள்ளையாப் படியுமே, கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். உடம்புக்குள்ள எங்க வேணா வந்து உக்காந்துக்கும். சில சமயம் சும்மா உக்காந்திருக்கும். சில சமயம் பக்கத்துல ஏதோ கெட்டது நடக்குதுன்னு காட்டிக் குடுக்க உக்காந்திருக்கும். அதனாலதான் அந்தப் புள்ளியைக் குறி வச்சு ஊசியை விடறது. எடுத்த துண்டுல சுண்ணாம்பு தெரிஞ்சுதுன்னா குறி தப்பலை, பக்கத்துல இருக்கற செல்லைப் பாத்து டாக்டர் அம்மா நல்லதா கெட்டதா சொல்லிடுவாங்க. தெரியலைன்னா? குறி தப்பிடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துச் சதையை எடுத்துட்டு வந்திருக்கோம்னு அர்த்தம். அந்த அம்மா மறுபடியும் வந்து படுக்கணும். மறுபடியும் ஊசி.

ஆமா, எடுத்த கையோட துண்டைப் படம் புடிச்சுப் பாக்கலாமே, அதுக்கு மெஷின் இல்லையான்னுதானே கேக்கறீங்க? இருக்கு. மாடியில இருக்கு. அதுமேல ஒரு துணியைப் போத்தி, துணிக்கு மேல பூந்தொட்டி வச்சிருக்காங்க. செடி நல்லா வளருது.

சரி, சுண்ணாம்பைக் கண்ணுக்குக் காட்டறது எப்படி? சாதா சாயத்துல மங்கலா, இருக்கா இல்லையான்னு இருக்கும். அதுக்குத்தான் நம்ம கரிக்கை. ஏடு ஒட்டின கண்ணாடியை சில்வர் தண்ணியில முக்கி, பெரிய பல்பு வெளிச்சத்துல வச்சுடுவா. சுண்ணாம்பு எங்க இருக்கோ அங்க சில்வர் போய் உக்காந்துக்கும். வெளிச்சம் பட்டதும் கறுத்துடும். மையை வச்ச மாதிரி. அவ விரல் கறுக்குதே, அதே வித்தைதான். ஓட்டுப் போட்ட விரல் மாதிரி, அழிக்க முடியாது, பொய் சொல்ல முடியாது.

முதத் தடவை போட்டா. கறுப்பு இல்லை. சுத்தம். டாக்டர் அம்மா திருப்பிப் போடுன்னாங்க. திருப்பிப் போட்டா. கறுப்பு இல்லை. அப்புறம் சிவப்புச் சாயம்னு ஒண்ணு இருக்கு, அது சுண்ணாம்பைக் கண்டா ஆரஞ்சாச் சிவக்கும். அதையும் போட்டா. ஒரு வெக்கமும் இல்லை, வெளுத்துப்போய் நிக்குது. நான் சும்மா இருக்கமாட்டேன்ல, 'என்ன கரிக்கை, கை கறுத்த அளவுக்குக் கண்ணாடி கறுக்கலையே'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை.

இன்னிக்குக் காலையில அவ என்ன பண்ணினா தெரியுமா? ஒரு பழைய ரத்தக்குழாய்த் துண்டு வச்சிருக்கா. யாரோ வயசான ஆளோடது, குழாய் முழுக்கச் சுண்ணாம்பு, கல்லாட்டம். ஒவ்வொரு தடவையும் அதையும் கூடவே சாயத்துல போடுவா, சாயம் வேலை செய்யுதான்னு பாக்க. அதைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டறா. கறுப்புன்னா கறுப்பு, அடுப்புக்கரி தோத்துச்சு. 'பாருங்க, என் சாயத்துல தப்பில்லை'ங்கறா. நான் விடுவேனா? 'பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸாயிட்டா உன் பிள்ளை பாஸாயிடுமா'ன்னேன். நல்லா இருந்துச்சுல்ல? எனக்கே நல்லா இருந்துச்சு.

அப்பதாங்க அந்த வார்த்தை. நாலு பேர் முன்னாடி. இத்தனை நாள் சார் சார்னவ, குரலைத் தாழ்த்தி, 'மாமா, கட்டையை நீங்க ஏதாவது பண்ணினீங்களா'ங்கறா.

என்னை. நீங்க. ஏதாவது. பண்ணினீங்களா.

இவ பொறக்கறதுக்கு முன்னாடி கத்தி புடிச்சவன் நான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. கேட்டேன் பாருங்க கேள்வி, 'உங்கம்மாவைக் கூப்பிடவா, அக்காவையே கேப்போம், உன்னை எதுக்கு இங்க சேத்துவிட்டேன்னு'. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. கலங்கட்டும். அதுக்குள்ள டாக்டர் அம்மா கதவைத் திறந்துட்டு, 'இதை ஆசிட்ல போட்டீங்களா'ங்கறாங்க என்னைப் பாத்து. ஆசிட்ல போடறது எலும்பை. எலும்பை எவனும் அப்படியே சீவ முடியாது, அதனால சுண்ணாம்பைக் கரைச்சு எடுக்க ஆசிட்ல ஊறப் போடுவோம். இது எலும்பா? மார்ச்சதை. இதை நான் எதுக்கு ஆசிட்ல போடறேன்? 'போடலை'ன்னேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். அவங்க, 'அப்போ சாயம் போடற பொறுப்பை வேற யார்கிட்டயாவது குடுக்கலாம்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. கதவு சாத்திக்கிச்சு. அவ அப்படியே நின்னா. எனக்குக் கொஞ்சம்... சரி, அவங்க அவங்க வேலையை ஒழுங்காப் பாத்தா ஏன் இந்த நெலமை.

என் வேலையைப் பத்தி யாராவது வாயைத் திறக்கட்டும். இங்க எல்லாரும் வெட்டறது தூக்கிப்போடற பிளேடு. ஷேவிங் பண்ற கணக்கா ஒண்ணு மழுங்கினா அடுத்தது. நான் மட்டும்தான் இரும்புக் கத்தி. கனமான கத்திங்க, கைக்குழந்தை மாதிரி ரெண்டு கையால ஏந்தணும். நானே கல்லுல தீட்டி, நானே தோல்பட்டையில இழுத்து, முடியை நீளவாக்குல பிளக்கற பதத்துக்கு வச்சிருப்பேன். என் வீட்டுக்காரி சொல்வா, 'அந்தக் கத்தியைப் பாக்கற கண்ணால ஒரு நாள் என்னைப் பாத்திருந்தா நான் இப்படியா இருப்பேன்'னு. மச்சான் அதைவிட மோசம், என்னை அம்பட்டன் வாரிசுங்கறான். அவனுக்கு என்ன தெரியும்.

ஆனா டாக்டர் அம்மா இருக்காங்களே, ஒரு ஸ்லைடுல மெல்லிசா ஒரு கோடு விழுந்துடுச்சு, அவ்வளவுதான், மீட்டிங் போட்டாங்க. 'உங்க ஸ்லைடுல தண்டவாளம் ஓடுது, நான் செல்லைப் பாக்கறதா ரயிலைப் பாக்கறதா'ன்னு கேட்டாங்க. எல்லார் முன்னாடியும். இனிமே கோடு விழுந்த ஸ்லைடு உள்ள வரக்கூடாதுன்னாங்க. கோடு எதுனால விழும்? கத்தியில பல்லு பேந்திருந்தா விழும். கத்தியில பல்லு எதுனால பேரும்? அதை யாரு கேக்கறா?

இப்ப இதே துண்டை எடுத்துக்கங்க. அன்னிக்குத்தான் கத்தியைத் தீட்டி முடிச்சிருக்கேன். கண்ணாடி மாதிரி ஜொலிக்குது. கட்டையை மாட்டினேன். மெதுவாச் சக்கரத்தைச் சுத்தினேன். முதச் சீவல். கர்ர்ர்.

கரகரன்னு. அரிசியில கல்லு கடிச்சா பல்லு கூசும்ல, அந்தச் சத்தம். ஏட்டைப் பாத்தா நீளமா ஒரு கோடு. இன்னொண்ணு சீவினேன். கர்ர்ர். ரெண்டு கோடு.

ஏன்மா, என்ன? ஆமா, இதே துண்டுதான். அந்த அம்மாவோட துண்டுதான். கல்லுதான், வேற என்ன. பொடிக்கல்லு. சதைக்குள்ள மணலை வச்சுத் தச்ச மாதிரி. கத்தி பொய் சொல்லுமா?

என்ன பண்ணினேனா? எல்லா வெட்டுக்காரனும் பண்றதைத்தான் பண்ணினேன். ஒரு தட்டுல பஞ்சை வச்சு, கொஞ்சமா ஆசிட்டை நனைச்சு, கட்டையோட முகத்தை அதுமேல கவுத்து வச்சேன். சும்மா முகத்தை மட்டும். மேல இருக்கற கல்லு கொஞ்சம் இளகும், கத்தி வெண்ணையில போற மாதிரி போகும். ஆசிட்ல போடறதுன்னா முழுசா முக்கி ஊற வைக்கறது. இது போடறது இல்ல. இது... கவுத்து வைக்கறது. அது வேற, இது வேற.

ஒரு நிமிஷம் வச்சு எடுக்கணும்னுதான் வச்சேன். அந்த நேரம் பாத்து மச்சான் போன் பண்றான். எங்க வீட்டு ஹீட்டர் சூடாக மாட்டேங்குது, கம்பி பூராச் சுண்ணாம்பு. புதுசு வாங்குங்கறான். அவன் கடையில ஹீட்டர் விக்கறான், அது தனிக் கதை. நான் சொன்னேன், 'டேய், எதுக்குடா புதுசு, வினிகரை ஊத்தி வச்சா போதும், ஆசிட்டுக்கு முன்னாடி சுண்ணாம்பு நிக்குமா, நொரைச்சு கரைஞ்சு போயிடும், எனக்கே பாடம் எடுக்கறியா, நான் லேபுல இருக்கறவன்'னு. அவன் இல்லைங்கறான். நான் கரையும்ங்கறேன். அவன் கம்பி ஓட்டையாயிடும்ங்கறான். நான் சுண்ணாம்பு மட்டும்தான்டா கரையும், மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும்ங்கறேன். வாக்குவாதம் நீண்டு போச்சு. அவன்கிட்ட ஜெயிக்காம போனை வைக்க முடியாது. ஜெயிச்சுட்டுத்தான் வச்சேன்.

திரும்பி வந்து கட்டையை எடுத்துக் கழுவி மாட்டினேன். சீவினேன் பாருங்க. சத்தமே இல்லை. பட்டு. ஒரு கோடு இல்லை. வரிசையா ஏடு ரிப்பன் மாதிரி எறங்குது. அத்தனையும் கண்ணாடியில எடுத்து அவகிட்ட குடுத்தேன். இவ்வளவு அழகான ஸ்லைடு இந்த லேபுல வந்ததில்லை. டாக்டர் அம்மாவே சொன்னாங்க, 'வெட்டு நல்லா இருக்கு, ஆனா சுண்ணாம்பைக் காணோம்'னு. வெட்டு நல்லா இருக்குன்னதைக் குறிச்சுக்கங்க. அதை யாரும் மீட்டிங்ல சொல்ல மாட்டாங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க.

எந்தப் பக்கமா? எதுக்கும்மா... இடது பக்கம். இடது மார்னு ஒட்டியிருந்துச்சு. ஏன் கேக்கறீங்க?

நீங்க எந்தக் கையை ஒட்டி வச்சிருக்கீங்க?

...

இல்ல இல்ல. இடது பக்கம்னா ஊர்ல எத்தனை பேர். உங்களோடதா இருக்காது. உங்களுக்கு வேற ஏதாவது... என்ன சொன்னாங்க உங்ககிட்ட? புள்ளி சிக்கலைன்னாங்களா? துண்டுல சுண்ணாம்பு இல்லை, அதனால மறுபடியும்னாங்களா?

டீ கொட்டுது பாருங்க. குடுங்க இப்படி.

உங்களைத்தான் கூப்பிடறாங்க. நர்ஸம்மா, ஒரு நிமிஷம், அவங்க வருவாங்க... இல்ல, வரமாட்டாங்க. தெரியலை. நீங்க அந்தத் துணியை, அந்த ஊசியையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க. நான் சொல்றேன்ல. எனக்கு என்ன அதிகாரமா? ஒரு அதிகாரமும் இல்லை, நான் வெட்டறவன். கொஞ்சம் பொறுங்க, அவ்வளவுதான்.

உக்காருங்கம்மா. எந்திரிக்காதீங்க, பெஞ்சு ஆடும். கேளுங்க, கட்டை இன்னும் இருக்கு. தூக்கிப்போடலை. ஆசிட்டு மேல்தோலைத்தான் தின்னிருக்கும், மெழுகுக்குள்ள ரொம்ப ஆழம் போகாது. அவ திருப்பித் திருப்பிச் சாயம் போட்டதெல்லாம் நான் கொடுத்த மேல் ஏடு, எல்லாம் ஒரே இடத்து ஏடு. அதுல எங்கிருந்து கறுக்கும். கீழ போனா இருக்கும். இருந்தாகணும். அன்னிக்குக் கேட்ட சத்தம் என் காதுல இன்னும் இருக்கு, ஒரு கல்லு ரெண்டு கல்லு இல்ல அது. நான் இப்பவே போய் ஆழமா இறக்கறேன். கரகரன்னு வரும். கோடு விழும். விழட்டும், தண்டவாளம் ஓடட்டும். கத்திதான்... பரவாயில்லை, கத்தி தீட்டிக்கலாம்.

எங்க போறீங்க? ஊசி ரூம் இந்தப் பக்கம்ங்க. அது டாக்டர் அம்மா ரூம்.

கொஞ்சம் நில்லுங்க. போறதுன்னா போங்க, ஒண்ணே ஒண்ணு. 'போட்டாரு'ன்னு சொல்லாதீங்க. 'கவுத்து வச்சாரு'ன்னு சொல்லுங்க. அதுல வித்தியாசம் இருக்கு, அவங்களுக்குப் புரியும். ... புரியாது. சரி, எப்படி வேணா சொல்லுங்க. அப்புறம் அந்தப் பொண்ணு, என் அக்கா மக, அவ உள்ளதான் நிப்பா ஒரு மூலையில. அவ சாயம் சரிதான்னு சொல்லிடுங்க. மாமா சொன்னாருன்னு சொல்ல வேணாம். நீங்களே சொல்ற மாதிரி.

தட்டாதீங்கம்மா. தட்டினா அவங்க காதுல விழாது, குழாய்க்குள்ள கண்ணு இருக்கற நேரம். தள்ளுங்க. கனமான கதவு, வலது கையால தள்ளுங்க.

ம். அப்படித்தான்.